பெருமுக்கல் மலையில் இல்லாத கொடி

கல்லூரியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. விழுப்புரத்தில் இருந்தது என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். சொன்னால் அங்கே வேலை பார்த்தவர்கள் யாராவது என் வீட்டு வாசலில் வந்து சண்டை போடுவார்கள். சண்டை எனக்கும் பிடிக்கும் என்பதால் அது நல்லதற்கில்லை.

1985 மார்ச் மாதம். பி.எஸ்ஸி. தாவரவியல் கடைசி வருஷப் பிராக்டிகல் பரீட்சை. அதற்கு இருபது செடிகளை நாமே தேடிப் பறித்து, தாளுக்கு நடுவில் வைத்து அழுத்திக் காயவைத்து, பூச்சி அரிக்காமல் இருக்க விஷ மருந்தில் முக்கி, செடிக்கு ஒரு கெட்டித் தாளில் ஒட்டிக் கொண்டுபோக வேண்டும். கீழே மூலையில் லேபிள். செடியின் பெயர், குடும்பம், பறித்த இடம், தேதி, பறித்தவர் பெயர். இதை நாங்கள் ஷீட் என்போம். இருபது ஷீட்டுக்குப் பத்து மார்க். ஆனால் இருபதில் ஒன்று குறைந்தாலும் பரீட்சை ஹாலுக்குள் விடமாட்டார்கள் என்று முதல் வருஷத்திலிருந்தே எல்லோரும் சொல்லிச் சொல்லி அது எனக்கு வேதவாக்காகிவிட்டது.

நான் இருதயமேரி. திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகிற ரோட்டில் பெருமுக்கல் மலையடிவாரத்துக் காலனிதான் ஊர். அப்பா அடுத்தவர் நிலத்தில் மல்லாட்டை என்கிற நிலக்கடலை பிடுங்கிப் படிக்க வைத்தார். எங்கள் தெருவில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். அதனால் நான் பாஸாவது என் சொந்த விஷயமாக இல்லை, தெருவின் விஷயமாகிவிட்டது. ஃபெயிலானால் என்ன ஆகும் என்பதும் தெரியும். கண்டமங்கலத்தில் ஒரு மாப்பிள்ளை வீட்டார் சேதிக்காகக் காத்திருந்தார்கள்.

பரீட்சைக்கு முந்தின நாள் பஸ்ஸில் என் பக்கத்தில் நின்ற யாரோ ஒரு அம்மாவின் மோர்த்தூக்கு சாய்ந்தது. ஷீட் கட்டு மடியில் இருந்தது. மேலே இருந்த ஷீட் நனைந்து கூழாகிவிட்டது. அந்த அம்மா மோர் போயிற்றே என்று அழுதாள். நான் அழக்கூட இல்லை. மீதி பத்தொன்பதை எண்ணினேன். திரும்பவும் எண்ணினேன். பத்தொன்பதுதான் வந்தது.

நேராக லேப் அட்டெண்டர் தேவசகாயத்திடம் போனேன். இந்த மாதிரி ஆபத்துக்கு எங்கள் லேபில் ஒரு வழி உண்டு. ஸ்டோர் ரூமில் பழைய பேராசிரியர்கள் விட்டுப்போன ஷீட் கட்டுகள் கிடக்கும். தேவசகாயம் அண்ணன் அதிலிருந்து ஒன்றை உருவித் தருவார். பழைய லேபிளின் மேல் நம் லேபிளை ஒட்ட வேண்டும். நாலு மூலையிலும் ஒரு பொட்டு மைதாப் பசை, அவ்வளவுதான். பரீட்சை முடிந்ததும் அவர் அதைப் பிய்த்துவிட்டு அடுத்த வருஷத்துக்கு எடுத்து வைப்பார். ஒரே ஊமத்தைச் செடி ஏழு பேர் பேரில் பாஸாகியிருக்கிறது.

"இந்தா மேரி, முடக்கத்தான். ஜல்தியா எழுதி ஒட்டு, பூட்டணும்" என்றார்.

வாங்கிப் பார்த்தேன். மெல்லிய கொடி, பிரிந்த இலை, நுனியில் சுருள்கம்பி. காய்ந்தால் எல்லாமே பழுப்புதான். முடக்கத்தான் தோசை தின்று வளர்ந்தவள் நான், மூன்று வருஷம் தாவரவியல் வேறு படித்தவள், ஒரு நிமிஷம் உற்றுப் பார்க்கவில்லை, பழைய லேபிளைப் படிக்கவுமில்லை. ஐந்து மணி பஸ்ஸை விட்டால் அடுத்தது ஏழுக்குத்தான். 'முடக்கத்தான். பெருமுக்கல் மலை, வடக்குச் சரிவு. 12.1.85. பறித்தவர்: இருதயமேரி' என்று தமிழிலும் இங்கிலீஷிலும் எழுதி ஒட்டினேன். என் ஊர் மலைதானே, யார் கேட்கப் போகிறார்கள் என்றுதான் அந்த இடத்தைப் போட்டேன்.

மறுநாள் சனிக்கிழமை. வெளியூரிலிருந்து வந்த எக்ஸாமினர் பேர் பாண்டுரங்கன். ஐம்பதைத் தொட்டவர், மெலிந்த ஆள், சட்டைப்பையில் ஒரு லென்ஸ் நூலில் கட்டித் தொங்கும். என் ஷீட்டுகளைச் சீட்டுக்கட்டு மாதிரி தள்ளிக்கொண்டே வந்தார். பதினெட்டாவது ஷீட்டில் கை நின்றது. லென்ஸை எடுத்தார். குனிந்தார். நிமிரவே இல்லை.

"ஏம்மா, இது முடக்கத்தானா?"

"ஆமா சார்."

"முடக்கத்தான் பூ எப்படி இருக்கும்?"

"வெள்ளையா, சின்னதா இருக்கும் சார்."

"இதப் பாரு."

பார்த்தேன். காம்பிலிருந்து தொங்கட்டான் மாதிரி தொங்கிய பூக்கள். காய்ந்து நசுங்கியும் இதய வடிவம் அப்படியே இருந்தது. மஞ்சள் கொஞ்சம் ஓரத்தில் மிச்சமிருந்தது. அது முடக்கத்தான் இல்லை.

"இது டைசென்ட்ரா" என்றார் மெதுவாக. "இமயமலைக் கொடி. அஞ்சாயிரம் ஆறாயிரம் அடிக்கு மேலதான் வரும். நேபாளம், சிக்கிம் பக்கம். தென்னிந்தியாவுல இதுவரைக்கும் ஒருத்தரும் பாத்ததில்ல." என் பக்கம் திரும்பினார். "நீ எங்க பறிச்ச?"

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். பக்கத்தில், அடையாளம் கேட்க வைக்கும் ஸ்பாட்டர் செடிகளின் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற தேவசகாயம் அண்ணன் முகம் வெளுத்துப் போயிருந்தது. மோசடி என்று எழுதினால் மூன்று வருஷம் பரீட்சை எழுத முடியாது. அவருக்கு வேலை போகும்.

"லேபிள்ல போட்டிருக்கேன் சார்" என்றேன்.

"பெருமுக்கல்! அது என்ன, ஒரு எண்ணூறு அடி இருக்குமா? அங்க குகை ஏதாவது இருக்கா? ஈரம் நிக்குமா?"

"குகை இருக்குது சார்."

அவர் அந்த ஷீட்டைத் தனியாக எடுத்துத் தன் தோல்பையில் வைத்தார். "நாளைக்கு ஞாயித்துக்கிழமை. நான் வர்றேன். நீ இடத்தைக் காட்டு. மார்க் லிஸ்ட் திங்கக்கிழமைதான் சீல் வைப்பேன்." இதை மிரட்டலாகச் சொல்லவில்லை. எனக்கு அப்படித்தான் கேட்டது.

அன்று வீட்டில் யாரிடமும் வாய் திறக்கவில்லை. மறுநாள் தவக்காலத்து ஞாயிறு. எல்லோரும் பூசைக்குப் போனார்கள். நான் பஸ் ஸ்டாப்பில் நின்றேன். ஒன்பது மணிக்குப் பாண்டுரங்கன் சார் இறங்கினார். பின்னால் செடி அழுத்தும் பலகையையும் தகரப்பெட்டியையும் தூக்கிக்கொண்டு தேவசகாயம் அண்ணன். துணைக்கு அவரை வரச் சொல்லியிருக்கிறார். சார் முன்னால் நடந்ததும் அண்ணன் என் காதில், "மேரி, பேஜாராயிடும் போல இருக்குது. வாயத் தொறந்திடாத. தேடட்டும், கெடைக்கலன்னா போயிடுவாரு" என்றார்.

மலையடியில் என் அத்தை பூமாலை ஆடு மேய்த்துக்கொண்டிருந்தாள். அப்பாவின் அக்கா. அந்த மலையில் அவள் காலடி படாத பாறை கிடையாது. சார் அவளைப் பார்த்ததும் என்னைத் தாண்டிப் போனார். பையிலிருந்து ஷீட்டை எடுத்து விரித்துக் காட்டினார்.

"அம்மா, இந்தக் கொடிய இங்க பாத்திருக்கீங்களா?"

அத்தை ஷீட்டைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். என் முகத்தில் என்ன படித்தாளோ தெரியாது. சார் ஒருத்தர் நம் பெண்ணின் தாளை வைத்துக்கொண்டு கேட்கிறார், இல்லை என்றால் பெண்ணுக்குக் கெடுதல் என்று மட்டும் புரிந்துகொண்டாள்.

"இருக்குதுங்க சார். மேல நெறைய இருக்குது. ஆடுகூட துன்னும்."

"நெறையவா!"

"ஆமாங்க. குகையாண்ட போனா பாக்கலாம்."

எனக்குத் தலையில் இடி விழுந்தது. அத்தையைக் கட்டிப்பிடித்து அழவும் தோன்றியது, அறையவும் தோன்றியது. நான் சொன்னது ஒரு பொய். இவள் அதற்கு ஆடு மாடெல்லாம் சேர்த்துவிட்டாள். சார் குழந்தை மாதிரி சிரித்துக்கொண்டு பாறையில் ஏற ஆரம்பித்தார்.

ஏறினோம். மார்ச் வெயில் பாறையிலிருந்து திரும்பி முகத்தில் அடித்தது. காற்று வேறு. சார் ஷீட்டை அட்டையோடு கையிலேயே பிடித்துக்கொண்டு வந்தார், செடியோடு ஒப்பிட வேண்டுமாம். அவர் கையைத் தவிர எதையும் நான் பார்க்கவில்லை. லேபிளின் இடது மூலையில் பசை விட்டிருந்தது. காற்றடிக்கும்போதெல்லாம் அந்த மூலை எழும்பி எழும்பி அமர்ந்தது. கீழே பழைய லேபிள் இருக்கிறது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்கே தெரியாது.

குகைக்குப் போனோம். வௌவால் நாற்றம்தான் இருந்தது. வடக்குச் சரிவில் ஒவ்வொரு புதராக விலக்கினார். அத்தை கூடவே போய், "இதா சார்? இதுங்களா?" என்று கோவைக்கொடி, வேலிப்பருத்தி, பிரண்டை, குன்றிமணி என்று ஒன்று விடாமல் காட்டினாள். கடைசியில் நிஜமான முடக்கத்தானையே காட்டினாள். அவர் ஒவ்வொன்றுக்கும் பொறுமையாக, "இல்லம்மா, அடுத்தது" என்றார். பன்னிரண்டு மணி ஆயிற்று. ஒரு இடத்தில் சறுக்கி விழுந்து முட்டி கிழிந்தது. பேன்ட்டில் ரத்தம் ஊறியது. கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு மறுபடி ஏறினார்.

மலைக்கோயில் குளத்துக்கு மேலே ஒரு பாறை நிழலில்தான் உட்கார்ந்தார். தண்ணீர் குடித்தார்.

"இருபத்திரண்டு வருஷமா சொல்லிக்குடுக்கறேன்மா" என்றார் என்னிடம். "எனக்குப் பின்னாடி வந்தவன்லாம் புதுச்செடி கண்டுபிடிச்சு பேப்பர் போட்டுட்டான். எனக்கு ஒரு புல்லுகூட மாட்டல. நேத்து சாயங்காலமே கோயம்புத்தூருக்கு, என் ஆராய்ச்சி கைடுக்குத் தந்தி அடிச்சிட்டேன். பெருமுக்கல்ல டைசென்ட்ரான்னு. லாட்ஜ்ல ராத்திரி தூக்கமே வரல."

அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. உண்மையாகவே பாவமாக இருந்தது. இந்த மனுஷன் கிழிந்த முட்டியோடு சாயங்காலம் வரை தேடுவார், நாளைக்கும் வருவார் என்று தோன்றியது. என்னால் தாங்க முடியவில்லை.

"சார், அது இங்க இல்ல."

"மார்ச் இல்லியா, காஞ்சிருக்கும். மழை முடிஞ்சு ஒருதரம் வரணும்."

"எப்பவுமே இல்ல சார்."

தேவசகாயம் அண்ணன் தகரப்பெட்டியை டம்மென்று கீழே வைத்தார். நான் எழுந்து போய் சார் மடியிலிருந்த ஷீட்டில் லேபிளின் மூலையைத் தூக்கிக் காட்டினேன். அடியில் பழைய மசியில், 'கூம், டார்ஜிலிங் ஜில்லா, 7000 அடி, 1958' என்று இங்கிலீஷில் இருந்தது. நானும் அப்போதுதான் படித்தேன்.

மோர் கொட்டியதிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணன் பேரை மட்டும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை, அவர் நின்ற நிலையே சொன்னது.

சார் பழைய லேபிளை ஒருதரம் படித்தார். பிறகு ஒரு காரியம் செய்தார். தூக்கியிருந்த லேபிள் மூலையைக் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டினார்.

"நான் எதையும் பாக்கல" என்றார்.

அவர் பையிலிருந்து ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, அட்டைமேல் வைத்து, விறுவிறுவென்று எழுதினார். 'இந்தச் செடியை 12.1.85 அன்று பெருமுக்கல் மலை வடக்குச் சரிவில் நானே நேரில் பறித்தேன். அப்போது மலர்ந்திருந்தது.' பேனாவை என்னிடம் நீட்டினார்.

"கையெழுத்துப் போடு. உனக்கு ஃபுல் மார்க். இந்த ஆள் வேலையும் தப்பிக்கும்."

"போடலன்னா சார்?"

"உன் கையெழுத்துல பொய் லேபிள் இருக்கு. நான் ரிப்போர்ட் எழுதித்தான் ஆகணும். மூணு வருஷம்." இதைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"கோயம்புத்தூர்லருந்து யாராச்சும் தேடிக்கினு வந்தா?"

"வருவாங்க. வந்தா இந்தம்மா சொல்லுவாங்க இல்ல, பாத்திருக்கேன்னு. ஊர்க்காரங்க சொல்றதவிட வேற சாட்சி என்ன வேணும்?"

"சொல்றங்க சார்" என்றாள் அத்தை. பிறகு என்னிடம், "இன்னாடி யோசிச்சிக்கினு நிக்கற? கையெழுத்துதான, போட்டுட்டு வாடி. ஆடு கீழ போயிடுச்சு" என்றாள்.

அண்ணன் கைகூப்பினார். "போட்டுடு மேரி. ரெண்டு பொம்பளப் புள்ளைங்க எனக்கு."

பேனாவை வாங்கினேன். மூடியைக் கழற்றினேன். போட்டால் பாஸ். அப்பா தெருவில் தலை நிமிர்ந்து நடப்பார், கண்டமங்கலத்துக்காரர்கள் வேறு பெண் பார்த்துக்கொள்வார்கள். ஆனால் யார் யாரோ இந்த மலைக்கு வருவார்கள், வந்தவர்களெல்லாம் பூமாலை அத்தையை மடக்கிக் கேட்பார்கள், அவள் எனக்காகச் சாகும்வரை 'நெறைய இருக்குதுங்க' என்று பொய் சொல்லிக்கொண்டே ஆடு மேய்ப்பாள். ஒருநாள் கூமும் டார்ஜிலிங்கும் வெளியே வந்தால் பொய்க்காரி என்று யாரைச் சொல்வார்கள்? சாரையா? கைநாட்டு வைக்கிற அவளையும் காலனிக்காரி என்னையும்தான் சொல்வார்கள். எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. நான் பயத்தில் பொய் சொன்னேன். இவர் என் பயத்தை வைத்துப் பொய் வாங்கப் பார்க்கிறார்.

பேனாவைப் பாறைமேல் வைத்தேன். ஷீட்டின் மேல் கையை வைத்து என் லேபிளை ஒரே இழுப்பில் பிய்த்தேன். நாலு பொட்டுப் பசைதானே, சுலபமாக வந்தது. அதைச் சுருட்டி வாயில் போட்டுக்கொண்டேன்.

"ஏய்!" என்று எழுந்தார் சார்.

மென்றேன். மைதாப் பசை புளித்துப்போயிருந்தது. மசி கசந்தது. தொண்டையில் சிக்கியது. கண்ணில் நீர் வர வர மென்று விழுங்கினேன். அத்தை வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள்.

"இப்ப இதுல என் பேரு இல்ல சார்" என்றேன். வாயெல்லாம் மசி. "டார்ஜிலிங் செடி டார்ஜிலிங் செடியாவே இருக்குது. அது லேப் ஷீட்டு. என்னுது பத்தொம்பதுதான். மூணு வருஷம்னு எழுதறதா இருந்தா எழுதுங்க. தந்தி அடிச்சதையும் சேத்து எழுதுங்க."

அவர் அடித்துவிடுவார் என்றுகூட நினைத்தேன். அவர் ஷீட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். லேபிள் போன இடத்தில் '1958' பளிச்சென்று தெரிந்தது. பிறகு உட்கார்ந்தார். எழுதிய வெள்ளைத்தாளை நாலாக, எட்டாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். முகம் சுருங்கிப் பத்து வயது கூடிவிட்டது.

"தந்தி தப்புன்னு நாளைக்கு இன்னொரு தந்தி அடிக்கணும்" என்றார் தனக்குள். பிறகு பையிலிருந்து மார்க் லிஸ்ட்டை எடுத்தார். "உன் நம்பர் என்ன?"

சொன்னேன். ஷீட்டுகளுக்கான ஹெர்பேரியம் கட்டத்தில் இருந்ததை அடித்தார், வேறு எழுதி ஓரத்தில் சுருக்கமாகக் கையெழுத்திட்டார்.

"பத்தொம்பது ஷீட். ஒம்பதரை."

"அப்ப என்ன ஹாலுக்குள்ள வுட்டது செல்லுமா சார்?"

"என்ன ஹாலு?"

"இருபதுல ஒண்ணு கொறஞ்சா உள்ளயே வுடமாட்டாங்கன்னு..."

"யாரு சொன்னா?"

நான் தேவசகாயம் அண்ணனைப் பார்த்தேன். அவர், "எல்லாரும் சொல்வாங்களே சார், நான் வேலைக்கு வந்ததுலருந்தே சொல்றாங்க" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. நிஜமாகவே அப்படி நம்பித்தான் இத்தனை வருஷமாக எங்களைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்.

"அப்படி ஒரு ரூலே கிடையாது" என்றார் சார். "ஒரு ஷீட்டுக்கு அரை மார்க் கொறையும். அவ்வளவுதான்."

அவர் கையை ஊன்றி எழுந்து, நொண்டிக்கொண்டே இறங்க ஆரம்பித்தார். அண்ணன் தகரப்பெட்டியை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினார். நான் அந்தப் பாறையிலேயே உட்கார்ந்து அழுதேன். மூன்று நாளாக வராத அழுகை, வாயில் மசியோடு, சத்தம் போட்டு வந்தது.

அத்தை பக்கத்தில் வந்து முந்தானையால் என் வாயைத் துடைத்தாள்.

"அதான் பாஸ் போட்டுட்டாரே, இன்னாத்துக்குடி அழுவற?"

"அரை மார்க் அத்தை" என்றேன். "வெறும் அரை மார்க்."

அவள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள். கீழே சார் ஒவ்வொரு பாறையாகப் பிடித்துப் பிடித்து இறங்கிக்கொண்டிருந்தார்.

"அரை மார்க்னா எவ்ளோடி?" என்று கேட்டாள்.